மூவர் ஆடும் குச்சி எடுப்பு: வெல்பவரைக் கணக்கிடுவதற்கான முழுமையான வழிகாட்டி

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீண்டபோது, கொழும்பின் வெள்ளவத்தையில் என் அக்காவின் தொடர்மாடி வீட்டில் பிள்ளைகளுக்கு விளையாடக் கிடைத்தது ஒரு மெழுகுதிரியும் ஒரு நெருப்புப்பெட்டியும்தான். மேசையில் 13 குச்சிகளை வைத்து, ஒரு முறைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று குச்சிகள் எடுக்கலாம், கடைசிக் குச்சியை எடுப்பவர் வென்றார் என்று நான் விதி சொன்னேன். உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பிப்பவன் என்பதால், நான்கின் மடங்கை எதிராளிக்கு விட்டுவைத்தால் போதும் என்ற பழைய சூத்திரத்தை நம்பி அமர்ந்தேன். ஆனால் அன்று நாங்கள் மூவர் ஆடினோம்: நான், எனக்கு அடுத்து ஆரணி, அவளுக்கு அடுத்து அவளுடைய தம்பி பவன். நான் மிகக் கவனமாக ஆரணிக்கு நான்கு குச்சிகளை விட்டேன். அவள் ஒன்றை எடுத்தாள். மிச்சம் இருந்த மூன்றையும் பவன் ஒரே கையில் அள்ளிக்கொண்டான். "மாமா, நீங்கள் கணக்குப் படிப்பிக்கிறவர்தானே?" என்று ஆரணி கேட்டாள். அவள் இரண்டு எடுத்திருந்தாலும் மூன்று எடுத்திருந்தாலும் பவன்தான் வென்றிருப்பான் என்பதும், அந்த வெற்றியை அவனுக்குக் கொடுத்தது என் சூத்திரமே என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூவர் ஆட்டத்தைக் கணக்கிடவே முடியாது என்பதல்ல அதன் பொருள். கணக்கிடுவதற்கு முன் தீர்மானிக்க வேண்டிய ஒரு விடயத்தை நான் தீர்மானிக்கவில்லை. அது என்ன என்பதையும், தீர்மானித்தபின் எப்படிக் கணக்கிடுவது என்பதையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கூட்டலும் வகுத்தல் மீதியும் தெரிந்தால் பெரும்பகுதியைப் பின்தொடரலாம். பல குவியல்கள் பற்றிய பகுதிக்கு மட்டும் துவித எண்கள் (0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதப்படும் எண்கள்) தேவைப்படும். ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருப்பது நல்லது.

முதற்படி: இருவர் ஆட்டம் ஏன் எளிதாகத் தீர்கிறது

எடுத்து ஆடும் விளையாட்டுகளைக் கணக்கிடும் வழக்கம் பழையது. 1612 இல் பிரான்சின் கணிதவியலாளர் பஷே, ஒரு முறைக்குப் பத்து வரை கூட்டி நூறை முதலில் எட்டுபவர் வெல்லும் ஆட்டத்தை ஒரு புதிராகப் பதிப்பித்திருந்தார். அதைப் பின்னோக்கி வாசித்தால் அது நம் குச்சி ஆட்டமே. ஒரு முறைக்கு அதிகபட்சம் க குச்சிகள் எடுக்கலாம் என்று கொள்வோம். எதிராளி எத்தனை எடுத்தாலும், அதைக் க + 1 ஆக நிரப்பும் எண்ணிக்கையை நான் எடுக்க முடியும். ஆகவே க + 1 இன் மடங்கை எதிராளிக்கு விட்டவர், ஆட்டம் முடியும் வரை அதையே தொடர்ந்து செய்து கடைசிக் குச்சியை எடுத்துவிடுவார்.

இந்த வாதம் முழுவதும் ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது: என் தோல்வி என்றால் எதிராளியின் வெற்றி, அவருடைய தோல்வி என்றால் என் வெற்றி. இருவர் மட்டும் ஆடும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, ஏனெனில் வேறு வழியில்லை. மூன்றாமவர் அமர்ந்தவுடன் இது உடைந்துவிடுகிறது. தோற்கப்போகிறவருக்கு, தன்னை வெல்லக்கூடியவர்கள் என்று இரண்டு பேர் இருக்கலாம். அவர்களில் எவரை வெல்ல விடுவது என்பது அவருடைய கையில் இருக்கலாம்.

இரண்டாம் படி: நிலைகளுக்குப் பெயரிடுதல்

மூவர் ஆட்டத்தில் ஆட்களின் பெயரைக் கொண்டு கணக்கிடத் தொடங்கினால் விரைவில் குழம்பிவிடுவோம். அந்தக் கணத்தில் அவர் வகிக்கும் இடத்தைக் கொண்டே பெயரிட வேண்டும். இப்போது குச்சி எடுக்க வேண்டியவர் ஆடுபவர். அவருக்குப் பின் எடுப்பவர் அடுத்தவர். சற்றுமுன் எடுத்து முடித்தவர் முந்தியவர். ஆடுபவர் எடுத்து முடித்தவுடன் மூன்று இடங்களும் ஒரு சுற்று நகர்கின்றன: ஆடியவர் முந்தியவராகிறார், அடுத்தவர் ஆடுபவராகிறார், பழைய முந்தியவர் அடுத்தவராகிறார். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இந்த நகர்வில்தான் தவறுகிறார்கள், ஆகையால் இதை ஒரு முறை கையால் எழுதிப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

அமெரிக்கக் கணிதவியலாளர் ஜேம்ஸ் புரொப் 2000 இல் வெளியிட்ட ஆய்வில் மூவர் ஆட்டத்தின் நிலைகளை நான்கு வகையாகப் பிரித்தார். மற்ற இருவரும் எப்படி ஆடினாலும், அவர்கள் கூட்டுச் சேர்ந்தாலும்கூட, ஆடுபவரால் வெல்ல முடியுமானால் அது ஆடுபவர் நிலை. அடுத்தவரால் அப்படி முடியுமானால் அடுத்தவர் நிலை, முந்தியவரால் முடியுமானால் முந்தியவர் நிலை. எவராலும் வெற்றியை உறுதிப்படுத்த முடியாவிட்டால், அதை நாம் இழுபறி நிலை என்போம். குச்சியே இல்லாத மேசை முந்தியவர் நிலை, ஏனெனில் கடைசிக் குச்சியை எடுத்தவர் அவர்தான். அங்கிருந்து மேல்நோக்கி நிரப்பப் பின்வரும் விதிகள் போதும்.

ஏதாவது ஓர் எடுப்பினால் முந்தியவர் நிலையை விட்டுவைக்க முடியுமானால், இது ஆடுபவர் நிலை.
எந்த எடுப்பும் ஆடுபவர் நிலையையே விட்டுவைக்குமானால், இது அடுத்தவர் நிலை.
எந்த எடுப்பும் அடுத்தவர் நிலையையே விட்டுவைக்குமானால், இது முந்தியவர் நிலை.
இவை மூன்றும் பொருந்தாவிட்டால் இழுபறி.

மூன்றாம் படி: அட்டவணையை நிரப்புதல்

மூன்று வரை எடுக்கலாம் என்ற எங்கள் ஆட்டத்துக்கு அட்டவணை இவ்வாறு அமைகிறது.

0 குச்சி: முந்தியவர்
1, 2, 3 குச்சிகள்: ஆடுபவர்
4 குச்சிகள்: அடுத்தவர்
5 குச்சிகள் முதல் முடிவின்றி: இழுபறி

நான்காவது வரிசையில், அதாவது நான்கு குச்சிகளுக்கான வரிசையில், என் அவமானத்தின் காரணம் தெரிகிறது. நான்கு குச்சிகளை எதிர்கொண்டவள் ஆரணி, அவளுக்கு அடுத்தவன் பவன். ஐந்தாவது வரிசையைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐந்து குச்சிகளுடன் ஆரணி ஆடவேண்டியிருக்கிறது என்றும், அவளுக்கு அடுத்து பவன், அவனுக்கு அடுத்து பக்கத்து வீட்டுச் சாரு என்றும் வைத்துக்கொள்வோம். ஆரணி ஒன்றை எடுத்தால் பவனுக்கு நான்கு மிஞ்சும். அவன் என்ன செய்தாலும் சாரு வெல்வாள். ஆரணி இரண்டோ மூன்றோ எடுத்தால், மிச்சத்தைப் பவன் மொத்தமாக எடுத்து வெல்வான். ஆரணியால் வெல்ல முடியாது, ஆனால் வெல்பவரைத் தேர்ந்தெடுப்பவள் அவளே. அவளை எது நகர்த்தும் என்று குச்சிகளின் எண்ணிக்கை சொல்வதில்லை.

ஐந்துக்கு மேல் எல்லாமே இழுபறி என்பதற்கு நிறுவல் சிறியது. மூன்றுக்கு மேற்பட்ட குச்சிகளிலிருந்து பூச்சியத்தை ஒரே எடுப்பில் எட்ட முடியாது; வேறு முந்தியவர் நிலை ஏதும் இதுவரை உருவாகவில்லை; ஆகவே ஆடுபவர் நிலை புதிதாக உருவாகாது. ஆறாவது வரிசை முதல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குச்சியை எடுத்தால் இழுபறி நிலைக்கு வருகிறோம், ஆகவே 'எந்த எடுப்பும்' என்று தொடங்கும் இரண்டு விதிகளும் பொருந்தா. இதே வாதம் க இரண்டோ அதற்கு மேலோ ஆகும் எல்லா ஆட்டங்களுக்கும் செல்லும்: 1 முதல் க வரை ஆடுபவர், க + 1 அடுத்தவர், அதற்கு மேல் எல்லாம் இழுபறி. ஒரு முறைக்கு ஒரு குச்சி மட்டும் என்ற ஆட்டத்தில் மாத்திரம் தெரிவே இல்லாததால் இழுபறியும் இல்லை; மூன்றால் வகுத்த மீதியே முடிவைச் சொல்லிவிடும்.

இழுபறி என்பதை அதிர்ஷ்டம் என்று வாசித்துவிடக் கூடாது. எந்த ஒருவரையும் மற்ற இருவரும் சேர்ந்தால் தடுத்துவிடலாம் என்பதுதான் அதன் கறாரான பொருள். ஆறு குச்சிகளுடன் ஆரணி ஆடுகிறாள் என்றால், மூன்று எடுப்பது பவனையும், இரண்டு எடுப்பது சாருவையும் வெல்ல வைக்கும். ஒன்றை எடுத்தால் பவன் ஐந்தை எதிர்கொள்வான். அப்போது தேர்ந்தெடுக்கும் உரிமை பவனிடம் போகிறது, அவன் தேர்ந்தெடுக்க வேண்டியது சாருவுக்கும் ஆரணிக்கும் இடையில். அக்கா தம்பிக்கிடையில் அன்று சண்டை இல்லையென்றால் ஒன்றை எடுப்பதுதான் புத்தி.

நான்காம் படி: தோற்பவரின் விருப்பத்தை விதியாக்குதல்

நான் தீர்மானிக்க மறந்தது இதைத்தான்: தனக்கு வெற்றி இல்லை என்றால் ஒருவர் எவரை வெல்ல விடுவார்? இதை ஆட்டம் தொடங்குமுன் எழுதிவைத்துவிட்டால், இழுபறி என்று விட்ட இடங்கள் எல்லாம் நிரம்பிவிடும். மிகவும் பயன்படும் விதி, விளையாட்டுப் போட்டிகளின் வெற்றி மேடையை ஒத்தது. கடைசிக் குச்சியை எடுத்தவருக்குத் தங்கம், அவருக்கு முன் கடைசியாக எடுத்தவருக்கு வெள்ளி, மீதமுள்ளவருக்கு வெண்கலம். இதை மேடை விதி என்போம். இதன்படி ஆடுபவர் தானே வெல்வதை முதலாவதாகவும், அடுத்தவர் வெல்வதை இரண்டாவதாகவும், முந்தியவர் வெல்வதை மூன்றாவதாகவும் விரும்புவார்.

இனி ஒவ்வோர் எடுப்புக்கும் என்ன கிடைக்கும் என்பது தெளிவு. முந்தியவர் நிலையை விட்டுவைத்தால் எனக்குத் தங்கம். ஆடுபவர் நிலையை விட்டுவைத்தால் அடுத்தவர் வெல்வார், எனக்கு வெள்ளி. அடுத்தவர் நிலையை விட்டுவைத்தால் எனக்கு முந்தியவர் வெல்வார், எனக்கு வெண்கலம். அட்டவணையை மறுபடி நிரப்பினால்:

0: முந்தியவர்
1, 2, 3: ஆடுபவர்
4, 5, 6: அடுத்தவர்
7: முந்தியவர்

ஏழில் தொடக்கநிலை திரும்பிவிட்டதால், அதற்கு மேல் எல்லாம் ஏழால் வகுத்த மீதியைப் பார்த்தால் போதும். பொதுவாகச் சுற்றின் நீளம் 2க + 1. ஆடுபவர்கள் வ பேர் என்றால், மேடையை அதற்கேற்ப நீட்டிக்கொண்டு, சுற்றின் நீளம் (வ − 1) × க + 1 ஆகும். இருவருக்கு இது பழைய க + 1 ஐத் தருகிறது. நால்வர் மூன்று வரை எடுத்தால் பத்து. நிறுவல் ஒரு வரிதான்: ஒவ்வொரு க நீளக் கட்டத்திலிருந்தும் அதற்குக் கீழுள்ள கட்டத்தை எப்போதும் எட்டலாம், அதைவிட நல்லதை எட்ட முடியாது, ஆகவே கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன.

விருப்பத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். தான் வெல்ல முடியாவிட்டால் அடுத்தவரைவிட முந்தியவரே வெல்லட்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள் என்க. நான்கு வரை எதுவும் மாறாது. ஐந்தில் ஆடுபவர் ஒன்றை எடுத்து முந்தியவரை வெல்ல வைப்பார், ஆகவே ஐந்து முந்தியவர் நிலையாகிறது, சுற்றும் அங்கேயே முடிந்துவிடுகிறது. இங்கே சுற்றின் நீளம் க + 2. க = 1 என்றால் 2க + 1, க + 2 இரண்டுமே மூன்றாகிவிடுவதைக் கவனியுங்கள்; தெரிவு இல்லாத இடத்தில் விருப்பத்துக்கு வேலையில்லை.

எங்கள் 13 குச்சிகளுக்கு இரண்டையும் பொருத்துவோம். மேடை விதியில் 13 ஐ ஏழால் வகுத்த மீதி ஆறு, ஆகவே அடுத்தவர் வெல்வார். தலைகீழ் விதியில் ஐந்தால் வகுத்த மீதி மூன்று, ஆகவே தொடங்குபவரே வெல்வார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு விதியிலும் தொடங்குபவரின் மிகச்சிறந்த எடுப்பு மூன்று குச்சிகளே என்பது. கை ஒரே மாதிரித்தான் அசைகிறது, மேசையில் பத்துக் குச்சிகள்தான் மிஞ்சுகின்றன. ஆனால் ஒன்றில் அவர் வெள்ளிக்காக எடுக்கிறார், மற்றதில் தங்கத்துக்காக எடுக்கிறார்.

கடைசிக் குச்சியை எடுப்பவர் தோற்றார் என்று விதியைத் திருப்பினால் பிரச்சினை தீருமா என்று சில மாணவர்கள் கேட்டதுண்டு. தீராது. மூன்று குச்சிகளுடன் ஆடுபவர் இரண்டை எடுத்தால் அடுத்தவர் மாட்டிக்கொள்வார். ஒன்றை எடுத்தால், அடுத்தவர் ஒன்றை எடுத்துத் தப்பிக்க, முந்தியவர் மாட்டிக்கொள்வார். வெல்பவரைத் தேர்ந்தெடுத்த இடத்தில் இப்போது தோற்பவரைத் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: பல குவியல்கள்

குச்சிகளைப் பல குவியலாகப் பிரித்து, ஒரு முறைக்கு ஏதாவது ஒரு குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் அது நிம் ஆட்டம். ஹார்வர்டைச் சேர்ந்த சார்ள்ஸ் பூட்டன் 1901 இல் இருவர் நிம்மை முழுமையாகத் தீர்த்தார்: குவியல்களைத் துவித எண்களாக ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு நிரலிலும் உள்ள ஒன்றுகள் இரட்டைப்படை எண்ணிக்கையாக இருந்தால் ஆடவேண்டியவர் தோற்பார். 1910 இல் அமெரிக்கக் கணிதவியலாளர் மூர், ஒரே முறையில் இரண்டு குவியல்கள் வரை தொடலாம் என்ற இருவர் ஆட்டத்துக்கு, இரண்டுக்குப் பதில் மூன்றால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று காட்டினார். மூவர் நிம்முக்கு விடை கிடைக்க 1978 வரை ஆயிற்று. கணிதவியலாளர் ரொபர்ட் லி மேடை விதியை ஏற்று, ஒவ்வொரு நிரலின் கூட்டுத்தொகையும் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அது முந்தியவர் நிலை, இல்லையென்றால் அல்ல என்று நிறுவினார். அத்தகைய நிலையைச் சமநிலை என்று அழைப்போம்.

மூரின் இருவர் ஆட்டமும் லியின் மூவர் ஆட்டமும் ஒரே விடையைத் தருவது தற்செயல் அல்ல, அந்தத் தொடர்பில்தான் நிறுவலின் உயிர் இருக்கிறது. சமநிலையில் ஆரணி ஆடுகிறாள், பிறகு பவன், பிறகு முந்தியவளான சாரு. பவனுக்குத் தங்கம் கிடைக்காவிட்டால், சாருவுக்குத் தங்கம் கிடைப்பதே அவனுக்கு வெள்ளி. ஆகவே அவர்கள் இருவரும், பேசிவைக்காமலே, இரண்டு குவியல்களைத் தொடக்கூடிய ஒரே ஆட்டக்காரர் போல நடந்துகொள்வார்கள்.

இதைச் சரிபார்க்க இரண்டு உண்மைகள் வேண்டும். ஒன்று, சமநிலையிலிருந்து ஒன்றோ இரண்டோ குவியல்களை மாற்றினால் சமநிலை கெட்டே தீரும். மாறிய இலக்கங்களில் மிக இடப்பக்கத்து நிரலைப் பாருங்கள். குவியல்கள் குறையத்தான் முடியும் என்பதால், அங்கே ஒன்று பூச்சியமாகியிருக்கும், கூட்டுத்தொகை ஒன்றாலோ இரண்டாலோ குறைந்திருக்கும், மூன்றால் குறைந்திருக்காது. மற்றது, சமநிலை கெட்ட எந்த நிலையையும் அதிகபட்சம் இரண்டு குவியல்களைக் குறைத்துச் சமநிலைக்குக் கொண்டுவரலாம். இதைச் செய்யும் முறை இது.

இடப்பக்க நிரலிலிருந்து தொடங்குங்கள். கூட்டுத்தொகையின் மீதி பூச்சியம் என்றால் அப்படியே விட்டு நகருங்கள். மீதி ஒன்று என்றால், அந்த நிரலில் ஒன்று உள்ள ஒரு குவியலின் அந்த இலக்கத்தைப் பூச்சியமாக்குங்கள். மீதி இரண்டு என்றால் இரண்டு குவியல்களில் அப்படிச் செய்யுங்கள். ஒரு குவியலின் மேல் இலக்கம் குறைந்துவிட்டால், அதன் வலப்பக்க இலக்கங்களை விரும்பியபடி எழுதலாம். அதை விடுபட்ட குவியல் என்போம். அடுத்த நிரல்களில் விடுபடாத குவியல்களின் கூட்டுத்தொகையை மட்டும் எடுங்கள். விடுபட்டது ஒன்றே என்றால், மீதி பூச்சியத்துக்கு அதில் 0, மீதி இரண்டுக்கு அதில் 1 எழுதுங்கள்; மீதி ஒன்று என்றால் இன்னொரு குவியலின் ஒன்றைப் பூச்சியமாக்கி அதையும் விடுவித்து, முதலாவதில் 0 எழுதுங்கள். விடுபட்டவை இரண்டு ஆகிவிட்டால் பூச்சியம், ஒன்று, இரண்டு எதையும் அவற்றைக் கொண்டே ஈடுசெய்யலாம், மூன்றாவது குவியல் ஒருபோதும் தேவைப்படாது.

இனி முடிச்சைப் போடலாம். சமநிலையிலிருந்து ஆரணி எந்தக் குவியலைத் தொட்டாலும் சமநிலை கெடும். பவன் அதை ஒரே எடுப்பில் மீட்க முடியாது, ஏனெனில் இருவருமாக இரண்டு குவியல்களுக்கு மேல் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு குவியல்களை மாற்றினால் மீட்கலாம். அவற்றில் ஒன்றைப் பவன் மாற்றுவான், மற்றதைச் சாரு மாற்றுவாள். சாரு ஒவ்வொரு சுற்றிலும் சமநிலையை விட்டுவைத்து, கடைசியில் வெறும் மேசையை விட்டுவைப்பாள். சமநிலை அல்லாத இடத்தில் ஒரே குவியலை மாற்றி மீட்க முடிந்தால் அது ஆடுபவர் நிலை. இரண்டு தேவைப்பட்டால் அடுத்தவர் நிலை. மேடை விதிக்குட்பட்ட மூவர் நிம்மில் எந்த நிலையிலும் வெல்பவரைச் சொல்ல இவ்வளவு போதும்.

5, 4, 2, 1 என்ற குவியல்களை எடுத்துக்கொள்வோம். துவிதத்தில் அவை 101, 100, 010, 001. நான்கைக் குறிக்கும் நிரலின் மீதி இரண்டு, ஆகவே முதலிரண்டு குவியல்களும் விடுபடுகின்றன. இரண்டைக் குறிக்கும் நிரலில் எஞ்சியவற்றின் கூட்டுத்தொகை ஒன்று, விடுபட்ட இரண்டிலும் 1 எழுதுகிறோம். அலகு நிரலிலும் அப்படியே. கிடைப்பது 3, 3, 2, 1. நான்கைக் குறிக்கும் நிரலில் ஒன்றுகளே இல்லை, மற்ற இரு நிரல்களிலும் சரியாக மூன்று ஒன்றுகள் இருக்கின்றன. ஆகவே தொடங்குபவர் ஐந்திலிருந்து இரண்டை எடுக்க, அடுத்தவர் நான்கிலிருந்து ஒன்றை எடுத்துத் தங்கத்தை உறுதிசெய்வார், தொடங்கியவருக்கு வெள்ளி. தொடங்குபவர் பேராசைப்பட்டு ஐந்தையும் அள்ளினால் 4, 2, 1 மிஞ்சும். அதை மீட்க மறுபடியும் இரண்டு குவியல்கள் தேவை, ஆகவே அவருக்கு வெண்கலம்தான். இங்கே ஒரு எச்சரிக்கை: 3, 3, 2, 1 பூட்டனின் கணக்கில் தொடங்குபவர் வெல்லும் நிலை. ஒரு மூன்றை முழுதாக எடுத்து 3, 2, 1 ஐ விட்டுவைத்தால் போதும். இருவர் ஆட்டத்தில் பழகிய கை மூவர் ஆட்டத்தில் இந்த எடுப்பைத் தேடித் தானாக நீளும். என் கை இன்றும் நீள்கிறது.

ஆறாம் படி: ஒவ்வொருவருக்கும் வேறு விருப்பம்

மேலே உள்ள சூத்திரங்கள் எல்லாரும் ஒரே விதியைப் பின்பற்றும்போது மட்டுமே செல்லும். மெய்யான மேசையில் அப்படி அமைவது குறைவு. அடுத்த மாலை நான் ஆடாமல் ஒதுங்கிக்கொண்டேன். ஆரணி, பவன், சாரு என்ற வரிசையில் மூவரும் கதிரைகளில் அமர்ந்தார்கள். ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, நீ வெல்லாவிட்டால் எவர் வெல்லலாம் என்று கேட்டேன். ஆரணி தம்பியைச் சொன்னாள், பவன் அக்காவைச் சொன்னான், சாரு பவனைச் சொன்னாள்.

இப்போது ஆடுபவர், அடுத்தவர் போன்ற இடப்பெயர்கள் உதவா, ஆட்களின் பெயரே வேண்டும். குச்சிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரிசை, ஆடவேண்டியவர் எவர் என்பதற்கு மூன்று நிரல்கள் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெல்பவரின் பெயரை எழுத வேண்டும். ஒரு கட்டத்தை நிரப்ப, அடுத்து அமர்ந்திருப்பவரின் நிரலில் அதற்கு மேலுள்ள மூன்று வரிசைகளைப் பார்த்து, அங்குள்ள பெயர்களில் ஆடுபவருக்கு எது மிகவும் பிடித்ததோ அதை எழுதுங்கள். ஒன்று முதல் மூன்று வரை ஆடுபவரே வெல்வார். அதற்குப் பின், ஒவ்வொரு வரிசையிலும் ஆரணி, பவன், சாரு ஆடும்போது வெல்பவர் முறையே:

4: பவன், சாரு, ஆரணி
5: பவன், ஆரணி, பவன்
6: ஆரணி, பவன், பவன்
7: ஆரணி, பவன், பவன்
8: ஆரணி, பவன், பவன்
9: பவன், பவன், ஆரணி
10: பவன், பவன், பவன்
11: பவன், பவன், பவன்
12: பவன், பவன், பவன்

ஐந்தாவது வரிசையின் முதல் கட்டத்தை மட்டும் விளக்குகிறேன். ஆரணி ஒன்றை எடுத்தால் பவன் நான்குடன் நிற்பான், அந்தக் கட்டத்தில் சாருவின் பெயர். இரண்டோ மூன்றோ எடுத்தால் பவனின் பெயர். ஆரணிக்குப் பவனே மேல், ஆகவே பவன். மற்றவற்றை நீங்களே சரிபாருங்கள். 10, 11, 12 மூன்றிலும் ஒரே பெயர் நிரம்பிவிட்டதால், அதற்கு மேல் எந்த எடுப்பும் அந்தப் பெயரிலேயே போய் விழும். பத்தோ அதற்கு மேலோ குச்சிகள் இருந்தால், எவர் தொடங்கினாலும் பவன் வெல்வான். சுற்றும் இல்லை, மீதியும் இல்லை.

இந்த அட்டவணையைச் சாருவுக்குக் காட்டியபோது, தன் பெயர் நான்காவது வரிசைக்குப் பின் எங்குமே இல்லை என்பதை அவள் உடனே கண்டுகொண்டாள். தான் பவனுக்குப் பதிலாக ஆரணியைச் சொல்லியிருந்தால் என்னவாகும் என்று கேட்டாள். மெழுகுதிரியைக் கிட்ட இழுத்து, கொப்பியின் மறுபக்கத்தில் மீண்டும் நிரப்பினோம்.

4: பவன், சாரு, ஆரணி
5: பவன், ஆரணி, ஆரணி
6: ஆரணி, ஆரணி, ஆரணி
7: ஆரணி, ஆரணி, ஆரணி
8: ஆரணி, ஆரணி, ஆரணி

ஆறிலிருந்து எப்போதும் ஆரணி. சாரு இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு 13 குச்சிகளையும் தன் கைக்குள் அடக்கிக்கொண்டு, எண்ணி வைப்பதற்கு முன், யாரிடம் எத்தனை டொபி இருக்கிறது என்று அக்காவிடமும் தம்பியிடமும் விசாரிக்கத் தொடங்கினாள்.